அறுபதுக்கு மேல் பைக்கில் ஊர் சுற்றுவது: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஞாயிறு விடிகாலையில் ஒன்றாக வண்டி எடுக்கும் எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்கள் வீட்டிலிருந்து போன் போட்டுக் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள சாலைகளையும் அறுபது தாண்டிய முட்டியையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

அண்ணே, எனக்கு 63 ஆகுது. கல்யாணத்துக்கு முன்னாடி ஓட்டினதோட சரி. இப்போ மறுபடி ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் வயது அதற்குத் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும். எங்கள் கூட்டத்தில் சாய்ந்த வண்டிகளில் அநேகம் ஓட்டத்தில் சாய்ந்தவை இல்லை. டீக்கடை முன்னால் மண்ணில் கால் ஊன்றியபோது, பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பியபோது, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியபோது சாய்ந்தவை. இருபத்தைந்து வயதில் வண்டி சாயத் தொடங்கினால் தொடை தாங்கிப் பிடித்துவிடும். இப்போது முட்டி அந்த வேலைக்கு வராது.

அதனால் முதல் மாதம் ஊர் சுற்ற வேண்டாம். பக்கத்தில் காலி மைதானம் பார்த்து எட்டுப் போடுங்கள், லைசென்ஸ் வாங்கப் போட்ட அதே எட்டு. அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், பார்வை தரையில் இல்லாமல் அடுத்து திரும்ப வேண்டிய இடத்தில். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். வண்டியை நின்ற இடத்திலேயே சாய்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. இடப்பக்கம் எட்டு நன்றாக வந்து வலப்பக்கம் அகலமாகப் போகிறவர்கள் நிறைய. கழுத்து எந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது என்பது அப்போதுதான் வெளியே வரும்.

பையன் 350 சிசி வாங்கித் தர்றேங்கிறான். பெரிய வண்டின்னா பாதுகாப்புதானே?

பையனுக்கு நல்ல மனசு. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது சிசியை இல்லை, எடையையும் சீட் உயரத்தையும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஹண்டர் சுமார் 181. மீட்டியாரின் எடை கிளாசிக்கை ஒட்டி வந்தாலும் சீட் 765 மில்லிமீட்டர் உயரம்தான் என்பதால் கால் நன்றாக ஊன்றும். ஸ்பிளெண்டர் 112 கிலோ சொச்சம். அதை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரை போய் வருகிறவர்களை எனக்குத் தெரியும், ஒரு குறையும் சொன்னதில்லை.

கடையில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் தள்ளிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சரிவு இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்பக்கமாக அதில் ஏற்றுங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. ஏறி உட்கார்ந்தால் இரண்டு உள்ளங்காலும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், விரல் நுனி போதாது. காலை முன்னால் நீட்டி உட்காரும் குரூசர் வண்டிகளைச் சொகுசு என்று நினைத்து வாங்குகிறார்கள். பள்ளம் வரும்போது காலை ஊன்றிச் சற்று எழுந்துகொள்ள முடியாததால் அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் நேராக உட்காரும் வண்டியையே எடுக்கலாம். 150 முதல் 200 சிசி வரை உள்ள வண்டி இந்தப் பக்கத்து மலை எல்லாவற்றுக்கும் போதும் என்பது என் கட்சி.

திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ளதாக வாங்குங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் அது கட்டாயம். பழைய வண்டி வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் என் பழைய புல்லட் நிற்கிறது. அதையே எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் ஒரு வண்டிதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். இப்போது வரும் கியர் வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில், கியர் போடும் விதமும் வேறு. நிதானமாகப் போகும்போது மூளை சமாளித்துவிடும். குறுக்கே நாய் பாயும்போது கால் தன் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். காலையில் புல்லட், மாலையில் மகனின் புது வண்டி என்று மாற்றி மாற்றி ஓட்டுவது இந்த வயதில் வேண்டாத வினை.

பதிவு செய்து 15 வருடம் ஆகியிருந்தால் ஆர்.சி.யைப் புதுப்பித்தாக வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ரப்பர் பெட்ரோல் குழாயை மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் அதில் ஊறிப்போகும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23வது வாரம் செய்தது. நிழலில் நின்ற வண்டியாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது.

லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது. என்ன செய்ய?

40 வயதுக்கு மேல் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். 55க்கு மேல் ஒவ்வொரு முறையும் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். காலாவதியாகும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இன்சூரன்ஸில் உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்ச ரூபாய் காப்பு உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிட்டால் அது கைக்கு வராது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் போகாதீர்கள். "டாக்டர், நான் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வெயிலில் வண்டி ஓட்டப் போகிறேன்" என்று சொல்லி மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் முதலில். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலையில் மருந்தை எடுத்துக்கொண்டு "உசிலம்பட்டி போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று கிளம்பினால், சாப்பாடு தள்ளிப் போகப் போகச் சர்க்கரை இறங்கும். வேர்வையும் கை நடுக்கமும் ஹெல்மெட்டுக்குள் வெயில் என்றே தோன்றும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், மேல் பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் பிரேக் பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அவர்கள் ஓட்டலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சளி மாத்திரை போட்ட அன்று வண்டி எடுக்காதீர்கள், தூக்கம் வரும்.

கண்ணுக்கு மதுரைக்காரர்கள் சாக்குச் சொல்ல முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இலிருந்து இங்கேதான் இருக்கிறது. கண்புரை ஆரம்பமாகும்போது பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பஞ்சு மாதிரி விரிந்து சாலையையே மறைத்தால் அதுதான் அறிகுறி. புரை இருக்கிறதோ இல்லையோ, எங்கள் கூட்டத்தில் பொழுது சாய்ந்தபின் யாரும் ஓட்டுவதில்லை. ஆறு மணிக்குள் ஓர் ஊரில் அறை எடுத்துவிடுவோம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

சமவெளியில் 150, மலையில் 80. இளவட்டங்கள் 500, 600 என்று சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கிலோமீட்டரைவிட முக்கியம் இறங்குவது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நூறு அடி நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இறங்காமல் ஓட்டினால் கால் விறைத்துக்கொள்ளும். இறங்கும் நிமிடத்தில்தான் அது தெரியும், அப்போது கையில் இரண்டு குவிண்டால் எடை இருக்கும்.

முதலில் எந்தப் பக்கம் போகலாம்?

அழகர்கோவில். 21 கிலோமீட்டர், நிழல், கோயில் வாசல்வரை நல்ல சாலை. ஏழு மணிக்குள் போய்விட்டால் மயில்கள் சாலையைக் கடக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் மயில் கடைசி நொடியில் மனசு மாறித் திரும்பி வரும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஞாயிறு கீழடி. அருங்காட்சியகம் 2023இல் திறந்தது, மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்.

அடுத்தபடி மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி. ஏற்ற இறக்கம் இல்லாத சாலை, இடையில் ஊர்கள் நெருக்கமாக வரும், நிறுத்த இடம் கிடைக்கும். அதற்கடுத்து திருமங்கலம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, குற்றாலம். சுமார் 160 கிலோமீட்டர், எங்கள் கணக்கில் ஒரு நாள். ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரும். சாரல் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்டு வரை, காற்றின் வாசனையே மாறிவிடும். மதுரைக்காரனுக்கு இதைவிட நல்ல சாலை இல்லை என்பேன், கொடைக்கானல் பிரியர்கள் சண்டைக்கு வரட்டும்.

ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். முட்டியால் டாங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர விடுங்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது சாலை இருக்கிறது. அதில் காற்று மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும், அங்கே பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் குறைத்துக் கடந்துவிட வேண்டும்.

நாலு வழிச்சாலையை நாங்கள் முடிந்தவரை தவிர்ப்போம். சுங்கச்சாவடியில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பது மட்டுமே அதன் லாபம். எதிர்த்திசையில் வரும் டிராக்டர், ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, பக்கத்தில் உரசிப் போகும் ஆம்னி பஸ். அங்கே சுற்றுலா என்று ஒன்றும் இல்லை.

மலைக்கு?

திண்டுக்கல் வழியாகச் சிறுமலை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, போக்குவரத்து குறைவு, பழகுவதற்கு நல்ல மலை. திரும்பும்போது சிறுமலை வாழைப்பழம் வாங்கிக்கொள்ளலாம், புவிசார் குறியீடு பெற்றது. அதன்பின் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், அதற்கும் பின்னால் போடிமெட்டு, மேகமலை. கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, ஆன்லைனில் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். அங்கே உயரம் 2,100 மீட்டருக்கு மேல். மதுரையில் பனியனோடு கிளம்பினால் பெருமாள்மலையில் விரல் விறைக்கும், விறைத்த விரலுக்குக் கிளட்ச் பிடிபடாது.

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது இடப்பக்கம் திரும்புவதுதான் கஷ்டம். உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வேகம் குறைந்தால் வண்டி நின்றுவிடும், நின்றால் இடது கால் ஊன்றத் தரை எட்டாது, ஏனென்றால் தரை அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கோ இரண்டாவதுக்கோ வந்துவிடுங்கள். மேலே பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே சமதரையில் நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பஸ்ஸின் நீளத்துக்குச் சட்டம் பொருந்தாது, அதற்கு முழு வளைவும் வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டால் வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடி ஒரே சீராக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். நடுவில் கிளட்ச் பிடிக்கக் கூடாது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்கூட்டரில் எஞ்சின் அவ்வளவாகப் பிடித்துக் கொடுக்காததால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை. சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குமேல் வண்டியைத் தொடாதீர்கள். காற்றின் சூடு உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் வேகமாகப் போகப் போக உடம்பு சூடாகத்தான் ஆகும், குளிராது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஆண்டிபட்டிக் கணவாயில் போய்ப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை, சொல்ல வேண்டியதில்லை.

வானிலையைவிடத் திருவிழாவைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலைகளில் பழநி பாதயாத்திரைக்காரர்கள் விடிகாலையிலேயே நடப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் தேனி–குமுளி சாலை முழுக்க சபரிமலை வண்டிகள், ராத்திரி முழுவதும் தூங்காத டிரைவர்கள். தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் போனால் ஜல்லிக்கட்டு பார்க்கலாம், வண்டி ஓட்ட முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் அழகர்கோவில் சாலை அழகருக்கு.

சாலையில் தானியம் காயப் போட்டிருந்தால்?

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் கொள்ளு, உளுந்துச் செடிகளைப் பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி ஏறி மிதிபடட்டும் என்று. செடிக்கு அடியில் உதிர்ந்த பருப்பு பால்ரஸ் குண்டுபோல உருளும். திரும்பாமல், பிரேக் பிடிக்காமல், நேராக மெதுவாகப் போங்கள். தாண்டியதும் இறங்கி செயினிலும் சைலென்ஸரிலும் கொடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், சூட்டில் பற்றிக்கொள்ளும். காயப்போட்ட அம்மாவிடம் சண்டை போடுவதில் பயனில்லை. ஓரத்தில் கல் வைத்திருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மாவும் வர்றேங்கிறாங்க. கூட்டிட்டுப் போகலாமா?

கூட்டிப் போங்கள், ஆனால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒருக்களித்து உட்கார்ந்தால் எடை முழுக்க ஒரு பக்கம், மலையில் அது ஆகாது. சுடிதார் வசதி. சேலைதான் என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, சாரி கார்டு ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், பங்க்கில் தொங்கும் தொப்பி வேண்டாம்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு காலும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, "ம்" என்ற பிறகே அவர் ஏற வேண்டும். அவர் இறங்கிய பிறகே நீங்கள் இறங்க வேண்டும். அவருக்கும் முட்டி வலி என்றால் நடைமேடை, திண்டு ஏதாவது ஒன்றை ஒட்டி நிறுத்துங்கள். பின் டயரில் காற்று, இருவருக்கு என்று கையேட்டில் போட்டிருக்கும் அளவு.

சாமான்களை எப்படிக் கட்டுவது?

பின் சீட்டில் உயரமாகக் கட்டாதீர்கள். காலைத் தூக்கிப் போட்டு இறங்கும்போது செருப்போ பூட்ஸோ பையில் இடித்து, ஒற்றைக் காலில் நிற்கிற நிலையில் வண்டியோடு சேர்ந்து சாய்வீர்கள். இரண்டு பக்கமும் தொங்கும் பை போதும். இடுப்பு விறைப்பு அதிகமானவர்கள் இறங்குவதற்கு முன் பத்து நொடி வண்டியில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக்கொள்ளுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டு வைத்திருங்கள். மணலிலும் மே மாதத் தாரிலும் ஸ்டாண்டு புதைந்துவிடும்.

வண்டி சாய்ந்துவிட்டால் தனியாகத் தூக்கலாமா?

கூடாது. யூட்யூபில் முதுகைக் கொடுத்துத் தூக்கும் முறையைக் காட்டுவார்கள், முப்பது வயதுக்கு அது சரி. நீங்கள் சாவியை அணைத்துவிட்டு, ஓரமாக நின்று, யாராவது வருவதற்குக் காத்திருங்கள். நம் ஊரில் இரண்டு நிமிடம் ஆகாது, "பெரிசு, அடிபட்டுச்சா?" என்று யாராவது ஓடி வருவார்கள். அந்தப் "பெரிசு"க்குக் கோபப்படாதீர்கள், வண்டியைத் தூக்கித் தரப்போகிறவர் அவர்.

காது மெஷின், கண்ணாடியோடு ஹெல்மெட் போட முடியவில்லையே?

முன்பக்கம் மேலே தூக்கும் வகை ஹெல்மெட் வாங்குங்கள், கண்ணாடியைக் கழற்றாமல் போடலாம். காதுக்குப் பின்னால் வைக்கும் மெஷின் ஹெல்மெட் ஏறும்போது கழன்று விழும், காற்று இரைச்சலில் கிறீச்சிடும். மெஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, வண்டியின் பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதைக் கூட்டுங்கள்.

சாப்பாடு, பாத்ரூம்?

மதியம் பரோட்டாவும் பிரியாணியும் வேண்டாம், இரண்டு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும். இட்லி, மோர், வாழைப்பழம். பாத்ரூம் பயத்தில் தண்ணீரைக் குறைப்பவர்கள் அதிகம், குறிப்பாக புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், நிறுத்தங்களைக் கூட்டுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை உண்டு, கேட்டால் சாவி தருவார்கள்.

மாமாவை எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்களேன், எங்களுக்குப் பயமா இருக்கு.

இது மருமகள்கள் போனில் கேட்பது. நிறுத்தச் சொன்னால் சொல்லாமல் போவார், அது இன்னும் மோசம். அதற்குப் பதில் நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள்: இருட்டுக்கு முன் வண்டி நிற்கும், நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு போன், லொக்கேஷன் பகிர்ந்திருக்கும், பர்ஸில் ரத்த வகையும் மருந்துப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை. 108 அவருக்கும் தெரியும், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்பதையும் சொல்லிவையுங்கள்.

எப்போது நிறுத்திக்கொள்வது?

வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எழுபத்தைந்தில் ஓட்டுகிறவர் உண்டு, அறுபதில் விட்டவரும் உண்டு. காரணமில்லாமல் நின்ற இடத்தில் வண்டி அடிக்கடி சாய்கிறது, பின்னால் வந்த வண்டி கண்ணாடியில் தெரியாமல் திடீரென்று பக்கத்தில் முளைக்கிறது, தெரிந்த வளைவுகளில் கோட்டைத் தாண்டிப் போகிறீர்கள், கூட வருகிறவர்கள் உங்களுக்குப் பின்னால் வரத் தயங்குகிறார்கள். இதில் இரண்டு சேர்ந்தால் கனமான வண்டியை விற்றுவிட்டு 110 சிசி ஸ்கூட்டருக்கு வாருங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு ஸ்கூட்டர்கள் இருக்கின்றன, ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்கிறது. அழகர்கோவில் வரை எல்லோரும் அதன் வேகத்துக்குத்தான் போகிறோம்.